டீசல் சுடருக்குள் என்ன நடக்கிறது?

சீனாவின் வெய்ச்சாய் நிறுவனம் தனது டீசல் இன்ஜின் ஒன்று 53.09 சதவீத வெப்பத்திறனை எட்டிவிட்டதாக 2024 ஏப்ரலில் அறிவித்தது; தொழில்துறை இதழ்கள் அதைப் பெருஞ்சாதனை என்று கொண்டாடின. எரிபொருளில் அடங்கியுள்ள ஆற்றலில் எத்தனை பங்கு கிராங்க் தண்டைச் சுழற்றும் வேலையாக மாறுகிறது என்பதன் அளவே வெப்பத்திறன். எஞ்சியது ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் வெறும் வெப்பமாக வெளியேறிவிடுகிறது. அந்த அளவு பாதியைத் தாண்டுவது அரிய செயல் என்பதில் ஐயமில்லை. ஆயினும், சோதனை மேடையில் பூட்டப்பட்ட இன்ஜின் தனக்கு மிகவும் உகந்த வேகத்திலும் சுமையிலும் இயங்கும்போது காட்டும் உச்ச அளவுதான் இத்தகைய எண் என்பதும், சுங்கச்சாவடி வரிசையில் உறுமிக்கொண்டு நின்றும், மலைப்பாதையில் திணறி ஏறியும், சரக்கை இறக்கிய பின் வெறும் வண்டியாகத் திரும்பியும் பொழுதைக் கழிக்கும் ஒரு லாரிக்கு அந்த எண் நாள் முழுவதும் பொருந்தாது என்பதும் தலைப்புச் செய்திகளில் இடம்பெறுவதில்லை. அமெரிக்க எரிசக்தித் துறை 2010இல் தொடங்கிய 'சூப்பர் டிரக்' திட்டத்தின் மாதிரி லாரிகளைப் பற்றி வந்த செய்திகளையும் இதே எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும். கண் எட்டாத, கை நுழையாத இடத்தில் சில மில்லி விநாடிகளில் முடிந்துவிடும் ஓர் எரிதலைத் திருத்த முனைந்த பொறியாளர்கள், அதற்குள் என்ன நடக்கிறது என்பதை எவ்வாறு அறிந்துகொண்டனர் என்ற கேள்விதான் இந்தச் சதவீதங்களைவிடச் சுவையானது.

அந்த அறிவின் பெரும்பகுதி, கலிபோர்னியாவின் லிவர்மோரில் சாண்டியா தேசிய ஆய்வகம் நடத்திவரும் எரிதல் ஆய்வு நிலையத்தில், பொதுமக்களின் வரிப்பணத்தில் உருவானது. இதன் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின், அணு ஆயுதப் பொறியியலுக்காக அமைக்கப்பட்டிருந்த அந்த ஆய்வகத்தில் சேர்ந்திருந்த லேசர் வல்லமையை எரிதலின் ஆய்வுக்குத் திருப்பலாம் என்ற எண்ணம் எழுந்தது. 1980களின் தொடக்கத்தில் நிலையம் செயல்படத் தொடங்கியது. ருடால்ஃப் டீசல் 1897இல் ஆக்ஸ்பர்க் நகரில் தமது இன்ஜினின் வெப்பத்திறன் ஏறத்தாழ 26 சதவீதம் என்று நிறுவிக்காட்டியதிலிருந்து இன்ஜின்கள் தொடர்ந்து மேம்பட்டே வந்தன என்றாலும், அந்த மேம்பாடு பெரும்பாலும் ஒன்றை மாற்றிப்பார்த்து, புகையை அளந்து, மீண்டும் மாற்றிப்பார்க்கும் முறையிலேயே நடந்தது.

மாற்றிப்பார்ப்பதற்கும் மனத்தில் ஒரு படம் வேண்டும். நெடுங்காலம் பொறியாளர்கள் கொண்டிருந்த படம் இதுதான்: இன்ஜெக்டரின் துளையிலிருந்து பீய்ச்சப்படும் டீசல் நெடுந்தூரம் திரவமாகவே செல்கிறது, அதன் விளிம்பில் உதிரும் துளிகள் ஒவ்வொன்றும் காற்றைச் சந்திக்கும் இடத்தில் எரிகின்றன, கரி அந்த விளிம்பில் மட்டும் தோன்றுகிறது. உலைகளிலும் எரிவாயுச் சுழலிகளிலும் காணப்பட்ட தெளிப்புச் சுடர்களிலிருந்து கடன் வாங்கப்பட்ட இந்தப் படம் பாடநூல்களிலும் கணிப்பு மாதிரிகளிலும் இடம்பெற்றிருந்தது. அது ஏறத்தாழ முழுவதுமே தவறானது.

தவறு என்று கண்டறிய உதவிய கருவி, ஒளி புகும் இன்ஜின். சாண்டியாவில் ஜான் டெக் என்னும் பொறியாளர் பயன்படுத்தியது, கம்மின்ஸ் நிறுவனத்தின் கனரக லாரி இன்ஜினை அடிப்படையாகக் கொண்டு அமைக்கப்பட்ட, ஒற்றைச் சிலிண்டர் கொண்ட பொறி. அதன் பிஸ்டன் வழக்கத்தைவிட மிக நீளமானது. உட்கூடு காலியாக விடப்பட்டு, தலைப்பகுதியில் குவார்ட்ஸ் சன்னல் பதிக்கப்பட்டிருக்கும். நீட்டப்பட்ட பிஸ்டனின் உள்ளே, அதனோடு சேர்ந்து அசையாதவாறு, 45 பாகைச் சாய்வில் ஒரு கண்ணாடி நிறுத்தப்பட்டிருப்பதால், எரியும் அறையின் அடிப்புறக் காட்சி பக்கவாட்டில் திரும்பிக் கேமராவை வந்தடைகிறது. சிலிண்டரின் மேற்சுவரிலும் சிறு சன்னல்கள் உண்டு. லேசர் ஒளி அவற்றின் வழியே நுழைகிறது. குவார்ட்ஸ் சன்னல்கள் தொடர்ச்சியான வெப்பத்தையும் கரிப்படிவையும் தாங்கமாட்டா என்பதால், இன்ஜினைப் புறமோட்டார் ஒன்று சுழற்றிக்கொண்டேயிருக்க, பல சுற்றுகளுக்கு ஒருமுறை மட்டுமே எரிபொருள் செலுத்தப்பட்டுப் படம் எடுக்கப்படும்.

லேசர் கற்றை சிறப்பு வில்லைகளின் வழியே மெல்லிய தாள்போல விரிக்கப்பட்டு, எரியும் தாரையை நீளவாக்கில் வெட்டிச் செல்கிறது. அந்தத் தாள் படும் தளத்தில் இருப்பவை மட்டுமே ஒளிர்வதால், சுடரின் வெளிப்புறப் பிரகாசம் மறைத்துவைத்திருக்கும் உட்பகுதி குறுக்குவெட்டாகத் தெரிகிறது. எதைக் காண வேண்டுமோ அதற்கேற்ப ஒளியைத் தேர்ந்துகொள்ளலாம் என்பதுதான் இந்த முறையின் வலிமை. திரவத் துளிகள் ஒளியை வலுவாகச் சிதறடிப்பதால் திரவம் எதுவரை செல்கிறது என்பது தெரியும். ஆவியின் மூலக்கூறுகள் சிதறடிக்கும் மிக மெல்லிய ஒளியிலிருந்து, ஓரிடத்தில் எரிபொருளும் காற்றும் எந்த விகிதத்தில் கலந்துள்ளன என்பதைக் கணக்கிடலாம். கரித்துகள்களை லேசர் ஒரு கணம் கடுமையாகச் சூடேற்றும்போது அவை தாமே சுடர்விட்டுத் தம் இருப்பிடத்தைக் காட்டும். சுடரின் மிகச் சூடான பகுதியில் மட்டும் வாழும் ஹைட்ராக்சில் என்னும் நிலையற்ற மூலக்கூற்றுத் துண்டைக் குறிப்பிட்ட அலைநீளமுள்ள புறஊதா ஒளி தூண்டி ஒளிரச்செய்யும்.

இவ்வாறு பல ஆண்டுகளாகச் சேர்ந்த படங்களை ஒன்றிணைத்து, டெக் 1997இல் வெளியிட்ட கட்டுரை டீசல் எரிதலுக்குப் புதிய படம் ஒன்றை வரைந்து தந்தது. நிமிடத்துக்கு 1,200 சுற்றுகள் சுழலும் இன்ஜினில் கிராங்க் தண்டு ஒரு பாகை திரும்ப ஏறத்தாழ 0.14 மில்லி விநாடி ஆகும். பீய்ச்சல் தொடங்கி இரண்டு மூன்று பாகைகளுக்குள்ளாகவே திரவ டீசல் தன் எல்லையை அடைந்துவிடுகிறது. அந்த எல்லை துளையிலிருந்து இரண்டரை சென்டிமீட்டரை ஒட்டியதே. அதற்கு மேல் திரவம் இல்லை, துளியும் இல்லை. அமுக்கத்தால் கொதித்துக்கொண்டிருக்கும் காற்றைத் தாரை தன்னுள் இழுத்து, அந்த வெப்பத்திலேயே முழுவதும் ஆவியாகிவிடுகிறது. துளிகள் ஒவ்வொன்றாக எரிகின்றன என்ற பழைய கருத்துக்கு இங்கு இடமே இல்லை. அடுத்த சில பாகைகளில், தேவைக்கு இரண்டு முதல் நான்கு மடங்கு வரை எரிபொருள் மிகுந்த அந்த ஆவிக் கலவை, தாரையின் தலைப்பகுதி முழுவதிலும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் தானாகப் பற்றிக்கொள்கிறது. ஆக்சிஜன் பற்றாக்குறையான இந்த அரைகுறை எரிதலில் எரிபொருள் மூலக்கூறுகள் உடைந்து, வளையங்களாகப் பின்னி, ஒரு மில்லி விநாடி முடிவதற்குள் முதல் கரித்துகள்களாக உருக்கொள்கின்றன. அவை விளிம்பில் மட்டுமின்றித் தாரையின் அகலம் முழுவதும் பரவியிருக்கின்றன. பின்னர் தாரையைச் சுற்றி மெல்லிய உறை ஒன்று மூடுகிறது; உள்ளிருந்து வரும் அரைவேக்காட்டு வாயுவும் வெளியிலிருந்து வரும் ஆக்சிஜனும் சந்திக்கும் இந்தச் சுடருறையில்தான் வெப்பநிலை உச்சத்தை அடைகிறது, கரி எரிந்தழிகிறது, காற்றிலுள்ள நைட்ரஜன் ஆக்சிஜனோடு சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடுகளாகிறது.

கரி ஓரிடத்தில் பிறக்கிறது, நைட்ரஜன் ஆக்சைடு வேறிடத்தில் பிறக்கிறது என்ற இந்த இடப்பிரிவு, டீசல் பொறியாளர்களை வதைத்துவந்த ஒரு சிக்கலுக்கு விளக்கமாக அமைந்தது. வெளியேறும் புகையில் ஒரு பகுதியை மீண்டும் உள்ளே செலுத்தினால் சுடருறை குளிர்ந்து நைட்ரஜன் ஆக்சைடு குறைகிறது; ஆனால் ஆக்சிஜன் குறைவதால் கரி எரிந்தழிவதும் தடைப்பட்டுப் புகை கறுக்கிறது. ஒன்றைக் குறைத்தால் மற்றது கூடும் இந்த இழுபறியை, புகைக்குழாயில் வடிகட்டியும் வேதிக்கலனும் பொருத்திச் சமாளிக்க வேண்டியிருக்கிறது. அவை விலையுயர்ந்தவை, எரிபொருளையும் சிறிது விழுங்குபவை.

இங்கு சமையலறை எரிவாயு அடுப்பை நினைத்துப்பார்த்தால் பொறிமுறை தெளிவாகும். அடுப்பின் சிறு துளையிலிருந்து வெளிப்படும் வாயு, தன் வேகத்தாலேயே பக்கத்துத் திறப்பிலிருந்து காற்றை இழுத்து, பர்னருக்குச் செல்லும் குழாயில் அதனோடு கலந்து, நீலச் சுடராக எரிகிறது. பொங்கிய பாலோ அழுக்கோ அந்த வழியை அடைத்தால் சுடர் மஞ்சளாகி, பாத்திரத்தின் அடியில் கரி பிடிக்கிறது. டீசல் இன்ஜினில் அந்தக் கலவைக்குழாயே கிடையாது. வளிமண்டல அழுத்தத்தைப் போல் 2,000 மடங்கு அழுத்தத்தில், ஏறத்தாழ 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் அளவுள்ள ஆறு அல்லது எட்டுத் துளைகளிலிருந்து பக்கவாட்டில் பீறிடும் அடுப்புகள், தீக்குச்சியின்றித் தாமே பற்றிக்கொள்கின்றன. பாத்திரமாகிய பிஸ்டனோ அசையாது நிற்காமல், விநாடிக்குப் பல முறை அடுப்பை நெருங்கி வந்து விலகிச் செல்கிறது. சமையலின் பயனும் பாத்திரத்துள் வேகும் சோற்றில் இல்லை, பாத்திரம் விலகித் தள்ளப்படும் விசையில்தான் இருக்கிறது. இத்தனை வேறுபாடுகளுக்கு நடுவிலும் அடுப்பின் விதி ஒன்று மட்டும் மாறாமல் நிற்கிறது: சுடரைச் சேரும் முன் எவ்வளவு காற்று கலந்தது என்பதுதான் கரியின் அளவைத் தீர்மானிக்கிறது.

இதனை எண்ணாக நிறுவியவர்கள் அதே நிலையத்தைச் சேர்ந்த டென்னிஸ் சீபர்ஸ், லைல் பிக்கெட் முதலியோர். டீசல் சுடர் துளையின் வாயை ஒட்டி நிற்பதில்லை. சற்றுத் தள்ளியே நிலைகொள்கிறது. அந்த இடைவெளியை விலகுதூரம் எனலாம். முழு எரிதலுக்கு வேண்டிய காற்றில் ஏறத்தாழ பாதி அந்த விலகுதூரத்துக்குள்ளேயே தாரையோடு கலந்துவிட்டால் கரி உருவாவதே இல்லை என்று அவர்களது சோதனைகள் காட்டின. துளைகள் சிறுத்துவந்ததற்கும் பீய்ச்சும் அழுத்தம் ஏறிவந்ததற்கும் பின்னாலுள்ள காரணம் இதனால் துல்லியமாக விளங்கியது.

இவ்வறிவு எந்த ஒரு நிறுவனத்தின் பெட்டகத்திலும் பூட்டிவைக்கப்படவில்லை. ஒன்றோடொன்று போட்டியிடும் இன்ஜின் நிறுவனங்கள் அனைத்தும் அதைப் படித்துப் பயன்படுத்திக்கொண்டன. பல ஆண்டுகள் கழித்தே பயன் தரக்கூடிய, தந்தாலும் போட்டியாளருக்கும் சமமாகவே தரக்கூடிய ஆய்வுக்குத் தனியார் முதலீடு கிடைப்பது அரிது. இத்தகைய இடத்தில் அரசு பணம் செலவிடுவது முற்றிலும் நியாயமானது. எவ்வளவு பயன் என்ற கேள்விக்கு வந்த விடைகளில் மட்டும் நிதானம் வேண்டும். 1986 முதல் 2007 வரை இன்ஜின் எரிதல் ஆய்வுக்குச் செலவான ஏறத்தாழ 93 கோடி டாலர், 50 மடங்குக்கும் மேலான பலனைத் தந்தது என்று எரிசக்தித் துறைக்காக 2010இல் செய்யப்பட்ட மதிப்பீடு ஒன்று கூறியது. இந்த ஆய்வு நடவாதிருந்தால் லாரி இன்ஜின்களின் வெப்பத்திறன் எவ்வளவு குறைந்திருக்கும் என்ற ஊகம் அந்தக் கணக்கின் அச்சாணி. நடக்காத வரலாற்றை லேசர் தாளால் வெட்டிப்பார்க்க முடியாது என்பதால், 50 என்ற எண்ணைத் திசைகாட்டும் குறிப்பாக மட்டும் கொள்வதே முறை. டெக் எடுத்த படங்களின் மதிப்புக்கு அந்த எண்ணின் துணை தேவையில்லை.

அடுப்பில் இருப்பதும் இன்ஜினில் இல்லாததுமான கலவைக்குழாயை உள்ளே கொண்டுவர முடியுமா என்ற கேள்வியை எடுத்துக்கொண்டவர் அதே நிலையத்தின் சார்லஸ் முல்லர். பள்ளி ஆய்வகங்களில் உள்ள பன்சன் அடுப்பின் குழாயிலிருந்து எண்ணம் பெற்ற அவரும் அவரது குழுவினரும், இன்ஜெக்டரின் ஒவ்வொரு துளைக்கு எதிரிலும் சில மில்லிமீட்டர் தள்ளி, ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் உள்விட்டமும் ஒரு சென்டிமீட்டரை ஒட்டிய நீளமும் உள்ள சிறு உலோகக் குழாய்களை நிறுத்தினர். தாரை அந்தக் குழாய்க்குள் பாயும்போது, துளைக்கும் குழாய்க்கும் இடையிலுள்ள திறப்பின் வழியே காற்று உறிஞ்சப்பட்டு உள்ளே கொந்தளித்துக் கலக்கிறது. அருகில் எரிந்துகொண்டிருக்கும் சூடான வாயு தாரையை உரிய காலத்துக்கு முன்பே பற்றவைத்துவிடாதபடி குழாயின் சுவர் தடுக்கிறது. 2017இல் வெளியான முதல் முடிவுகள் அழுத்தக்கலன் ஒன்றில் பெறப்பட்டவை. பின்னர் ஒளி புகும் இன்ஜினிலும் சோதனை தொடர்ந்தது. கரியின் மஞ்சள் ஒளிர்வு வெகுவாக மங்கியது; சில நிலைகளில் மறைந்தே போனது. கரி குறைந்துவிட்டதால், புகையை மீண்டும் உள்ளே செலுத்தி நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கும் வழியும் தயக்கமின்றித் திறந்துகொள்கிறது. பழைய இழுபறி இங்குத் தளர்கிறது என்பதே இந்தச் சிறு குழாயின் மீது ஃபோர்டும் கேட்டர்பில்லரும் அக்கறை காட்டியதற்குக் காரணம்.

இதையும் 'கரியற்ற டீசல் வந்துவிட்டது' என்று எழுதிவிடத் துடிக்கும் பேனாக்கள் உண்டு. ஆனால் கடக்க வேண்டியவை இன்னும் உள்ளன: குழாயின் அச்சும் தாரையின் அச்சும் மில்லிமீட்டரின் சிறு பின்னத்துக்கு மேல் விலகினால் தாரை சுவரில் மோதிப் பயன் கெட்டுவிடும், எரியும் அறையின் நடுவில், அதிர்விலும் வெப்ப ஏற்றத்தாழ்விலும், லட்சக்கணக்கான கிலோமீட்டர்களுக்கு அந்த நேர்மை குலையாமல் இருக்க வேண்டும், குளிர்காலக் காலையில் முதன்முறை இன்ஜினைக் கிளப்பும்போதும், முழுச் சுமையில் ஓடும்போதும் அதே குழாய் அதே அளவுக்கு உதவ வேண்டும். ஆக்சிஜன் அணுக்களைத் தம் மூலக்கூற்றிலேயே கொண்ட, தாவர எண்ணெய் வழி வந்த எரிபொருள்களை இக்குழாய்களோடு சேர்த்துப் பயன்படுத்தினால் கரி மேலும் குறைகிறது என்பதை லிவர்மோரின் சோதனைகள் காட்டியுள்ளன. மின்கலத்தால் எளிதில் ஓட்டமுடியாத கப்பல்களையும் நெடுந்தூரச் சரக்கு வண்டிகளையும் கருதினால், இந்தச் சேர்க்கையே அடுத்து ஆராயத்தக்கது.