ஆரோக்கியவரம் முதல் வீட்டுத் திண்ணை வரை

நகரியில் விசைத்தறி ஓட்டும் ஒருவரை நினைத்துக்கொள்வோம். வயது முப்பத்தைந்து. வீட்டில் அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகள்.

அவருக்கு இருமல் வந்தது. தறிக் கூடத்துப் பஞ்சுத் தூசிதான் காரணம் என்று நினைத்தார். மருந்துக் கடையில் இருமல் மருந்து வாங்கிக் குடித்தார். இருமல் நிற்கவில்லை. ஒரு மாதம் ஓடியது. சாயங்காலம் ஆனால் காய்ச்சல் அடித்தது. இரவில் வியர்த்துப் பாய் நனைந்தது. பசி இல்லை. உடம்பு இளைத்தது. ஒருநாள் சளியில் இரத்தம் வந்தது.

அரசு மருத்துவமனைக்குப் போனார். சளியைச் சோதித்தார்கள். எக்ஸ்ரே எடுத்தார்கள். “காசநோய். டி.பி. என்று சொல்வோமே, அதுதான்” என்றார்கள்.

அன்று இரவு அந்த வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அம்மா ஒரு தட்டையும் தம்ளரையும் தனியாக எடுத்து வைத்தார். “மாட்டுக் கொட்டகையில் பாயைப் போடு. பிள்ளைகள் கிட்டே போகக் கூடாது” என்றார். மனைவி அழுதார். “அக்கம்பக்கத்தில் தெரிந்தால் நாளைக்கு நம் பெண்ணை யார் கட்டுவார்கள்?” என்றார்.

அந்த அம்மாவின் பயம் சரியா? நோயாளியை ஒதுக்கி வைத்தால் நோய் பரவுவது நிற்குமா?

இந்தக் கேள்வியை மருத்துவர்களும் ஒரு காலத்தில் கேட்டார்கள். அதற்குப் பதிலும் கண்டுபிடித்தார்கள். அந்தக் கதை நம் பக்கத்தில்தான் தொடங்குகிறது.

மருந்து இல்லாத காலம்

மதனப்பள்ளி என்றால் நமக்குத் தக்காளிச் சந்தை நினைவுக்கு வரும். 2022 வரை அது சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர். மேட்டு நிலம். வெயில் கொஞ்சம் குறைவு. நல்ல காற்று. அந்த ஊருக்கு அருகில் 1915இல் காசநோய்க்கு ஒரு பெரிய மருத்துவமனை வந்தது. பல கிறித்தவ மிஷன்கள் கூடி அதை நடத்தின. டென்மார்க் நாட்டு மருத்துவர் கிறிஸ்டியன் ஃப்ரிமோட் மோலர் அதன் தலைமை மருத்துவராக இருந்தார். அந்த இடத்துக்கு ஆரோக்கியவரம் என்று பெயர்.

இப்படிப்பட்ட மருத்துவமனைக்குச் சானடோரியம் என்று பெயர். சென்னைக்குப் பக்கத்தில் தாம்பரம் சானடோரியம் என்று ரயில் நிலையமே இருக்கிறது. அங்கும் இப்படி ஒரு மருத்துவமனை இருந்ததால் வந்த பெயர் அது.

அந்தக் காலத்தில் காசநோய்க்கு மருந்தே இல்லை. ஆகவே சானடோரியத்தில் என்ன செய்தார்கள்? நோயாளியைப் படுத்து ஓய்வெடுக்கச் சொன்னார்கள். காற்றோட்டமான வராந்தாவில் கட்டில் போட்டார்கள். பால், முட்டை, இறைச்சி என்று சத்தான உணவு கொடுத்தார்கள். சிலருக்கு நெஞ்சுக்குள் ஊசி வழியாகக் காற்றைச் செலுத்தி, கெட்டுப்போன நுரையீரலுக்கு ஓய்வு கொடுத்தார்கள். மாதக் கணக்கில், சில சமயம் வருடக் கணக்கில் நோயாளி அங்கேயே இருக்க வேண்டும். சிலர் பிழைத்தார்கள். பலர் பிழைக்கவில்லை.

நோயாளியைத் தனியாக வைக்க வேண்டும் என்ற எண்ணம் அந்தக் காலத்தில் வலுவாக இருந்தது. மருந்து இல்லாதபோது வேறு வழி தெரியவில்லை. நம் வீட்டுப் பெரியவர்களிடம் இருக்கும் பயமும் அந்தக் காலத்துப் பயம்தான்.

நோய் எப்படிப் பரவுகிறது?

காசநோய் ஒரு கிருமியால் வருகிறது. அந்தக் கிருமியைக் கண்டுபிடித்தவர் ஜெர்மனி நாட்டு மருத்துவர் ராபர்ட் காக். 1882ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் தேதி அதை உலகுக்குச் சொன்னார். அதனால்தான் மார்ச் 24ஐ உலகக் காசநோய் நாளாக வைத்திருக்கிறார்கள். இது சாபமும் அல்ல. பரம்பரை நோயும் அல்ல.

நுரையீரலில் காசநோய் உள்ளவர் இருமும்போதும் தும்மும்போதும் கிருமி காற்றில் கலக்கிறது. பக்கத்தில் இருப்பவர் அந்தக் காற்றைச் சுவாசிக்கிறார். கிருமி அவர் உடம்புக்குள் போகிறது. காற்று வராத, வெளிச்சம் இல்லாத அறையில் பலர் நெருங்கி இருந்தால் இது சுலபமாக நடக்கும்.

ஒரே தட்டில் சாப்பிட்டால் காசநோய் வராது. தொட்டால் வராது. துணியால் வராது. ஆகவே தட்டைத் தனியாக வைப்பதால் ஒரு பயனும் இல்லை. நோயாளியின் மனம் நோவதுதான் மிச்சம்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். கிருமி உள்ளே போன எல்லாருக்கும் நோய் வருவதில்லை. பத்துப் பேருக்குள் போனால் சுமார் ஒருவருக்குத்தான் வாழ்நாளில் எப்போதாவது நோய் வருகிறது. மற்றவர்கள் உடம்பில் அது தூங்கிக் கிடக்கும். உடம்பு பலவீனமானால் விழித்துக்கொள்ளும். சரியான சாப்பாடு இல்லாதவர், சர்க்கரை நோய் உள்ளவர், எச்.ஐ.வி. உள்ளவர், பீடி, சிகரெட், சாராயப் பழக்கம் உள்ளவர் ஆகியோருக்கு ஆபத்து அதிகம்.

மருந்து வந்தது, கேள்வியும் வந்தது

1943இல் அமெரிக்காவில் ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்தைக் கண்டுபிடித்தார்கள். அது ஊசி மருந்து. 1952இல் ஐசோனியாசிட் என்ற மாத்திரை பயனுக்கு வந்தது. விலையும் குறைவு.

ஆரோக்கியவரம் மருத்துவர்களும் சும்மா இருக்கவில்லை. 1950களில் சுற்றுக் கிராமங்களுக்குப் போய் மக்களைச் சோதித்தார்கள். பி.சி.ஜி. தடுப்பூசி போட்டு, அதன் பயனை ஆராய்ந்தார்கள்.

ஆனால் ஒரு பெரிய சிக்கல் இருந்தது. நாட்டில் லட்சக் கணக்கில் நோயாளிகள். சானடோரியங்களில் இருந்த கட்டில்களோ சில ஆயிரங்கள்தான். கட்டில் கிடைக்காத ஏழை என்ன செய்வார்? அவர் வீட்டிலேயே மாத்திரை சாப்பிட்டால் நோய் தீருமா? அதற்குள் வீட்டில் உள்ள மற்றவர்களுக்கு ஒட்டிக்கொள்ளாதா?

இதைச் சோதித்துப் பார்க்க 1956இல் சென்னை சேத்துப்பட்டில் ஓர் ஆய்வு மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை சேர்ந்து அதை நடத்தின. சென்னை நகரத்து ஏழை நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவைச் சானடோரியத்தில் சேர்த்தார்கள். அங்கே ஓய்வு, நல்ல சாப்பாடு, நல்ல காற்று. இன்னொரு பிரிவினர் வீட்டிலேயே இருந்தார்கள். நெருக்கடியான சிறு வீடு. குறைந்த சாப்பாடு. பலர் வேலைக்கும் போனார்கள். இரு பிரிவுக்கும் ஒரு வருடம் ஒரே மருந்துதான்.

முடிவு 1959இல் வெளிவந்தது. இரண்டு பிரிவிலும் நூற்றுக்கு 85 பேருக்கு மேல் கிருமி அடங்கியிருந்தது. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

வீட்டில் இருந்தவர்கள்? அவர்களையும் ஐந்து ஆண்டுகள் கவனித்தார்கள். நோயாளி வீட்டில் இருந்த குடும்பங்களில் நோய் அதிகமாகப் பரவவில்லை. ஏன்? நோயைக் கண்டுபிடிப்பதற்கு முன்பே, மருந்து தொடங்குவதற்கு முன்பேதான் நோய் அதிகமாகப் பரவுகிறது. மருந்து உள்ளே போனதும் கிருமி வேகமாகக் குறைகிறது. சில வாரங்களில் பரவும் ஆபத்து மிகவும் குறைந்துவிடுகிறது.

உலக நாடுகள் பலவும் இதைக் கேட்டு வழியை மாற்றிக்கொண்டன. சானடோரியங்கள் மெல்ல மெல்லக் குறைந்தன. ஆரோக்கியவரமும் பிற்பாடு எல்லா நோய்களையும் பார்க்கும் பொது மருத்துவமனை ஆனது. வீட்டுத் திண்ணையே சானடோரியம் ஆயிற்று.

ஆகவே அந்த அம்மாவின் கேள்விக்கு இதுதான் பதில். நோயைத் தடுப்பது கொட்டகை அல்ல, மாத்திரை.

இன்றைய சிகிச்சை

இன்று காசநோய்க்கு நாடு முழுவதும் அரசு மருத்துவமனைகளில் சோதனையும் மருந்தும் இலவசம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம். திருப்பதியில் ருயா அரசு மருத்துவமனை இருக்கிறது. ஊரில் உள்ள ஆஷா பணியாளரிடம் சொன்னால் அவர் வழி காட்டுவார்.

சாதாரணக் காசநோய்க்குச் சிகிச்சை ஆறு மாதம். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள். அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்துகள். எல்லாம் ஒரே மாத்திரைக்குள் சேர்ந்திருக்கும். ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை என்பது உடம்பின் எடையைப் பொறுத்தது. தினமும் சாப்பிட வேண்டும்.

மாத்திரை சாப்பிட்டதும் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். இரத்தமோ என்று பயப்பட வேண்டாம். அது மருந்தின் நிறம். ஆனால் கண் மஞ்சளானாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, பார்வை மங்கினாலோ உடனே மருத்துவரிடம் போக வேண்டும். சிகிச்சைக் காலத்தில் சாராயம் கூடவே கூடாது. அது ஈரலைக் கெடுக்கும்.

நடுவில் நிறுத்தினால் என்ன ஆகும்?

நம் தறிக்காரர் கதைக்கு வருவோம். ஆஷா பணியாளர் வீட்டுக்கு வந்து பேசினார். அம்மாவுக்கு அரைமனது. ஆனாலும் பாய் கொட்டகைக்குப் போகவில்லை. ஜன்னல் ஓரத்தில் விரித்தார்கள். மனைவி தினமும் இரவு மாத்திரை கொடுத்தார். கொடுத்ததும் சுவரில் இருந்த காலண்டரில் ஒரு கோடு போட்டார்.

ஒன்றரை மாதம் ஆனது. இருமல் நின்றது. பசி எடுத்தது. தறிக்குப் போனார். “உடம்புதான் சரியாகிவிட்டதே, இனி எதற்கு மாத்திரை?” என்றார்.

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். இருமல் நின்றதால் கிருமி எல்லாம் செத்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. பலவீனமான கிருமிகள் முதலில் சாகும். பலமானவை சில மிஞ்சும். நடுவில் மாத்திரையை விட்டால் அவை பெருகும். பிறகு அந்த மருந்து அவற்றிடம் பலிக்காமல் போகலாம். அப்போது வேறு கடுமையான மருந்து வேண்டும். அதன் தொல்லைகளும் அதிகம். இன்னும் மோசமானது ஒன்று உண்டு. மருந்துக்கு அடங்காத அந்தக் கிருமியே பிள்ளைகளுக்கும் பரவலாம்.

மனைவி காலண்டரைக் காட்டினார். “ஏங்க, இன்னும் நாலரை மாதம் கோடு போட வேண்டும். பிள்ளைகளுக்காகவாவது சாப்பிடுங்கள்” என்றார். அவர் சாப்பிட்டார்.

நான்காம் மாதம் வேலைக்காகத் திருப்பதிக்குப் போக வேண்டி வந்தது. போகும் முன் மருத்துவமனையில் சொன்னார். அவர் பெயர் கணினியில் பதிவாகி இருந்தது. திருப்பதியிலேயே மாத்திரை வாங்கிக்கொள்ள ஏற்பாடு செய்தார்கள். வெளியூருக்கு வேலைக்குப் போகும் யாரும் இப்படிக் கேட்கலாம். சொல்லாமல் போவதால்தான் மருந்து விட்டுப்போகிறது.

சாப்பாடும் மருந்துதான்

2023இல் ஜார்க்கண்ட் மாநிலத்து ஆய்வு ஒன்றின் முடிவு வெளிவந்தது. காசநோயாளி உள்ள குடும்பத்தில் எல்லாருக்கும் அரிசி, பருப்பு என்று சத்துணவு கொடுத்துப் பார்த்தார்கள். அந்தக் குடும்பங்களில் புதிதாக நோய் வருவது சுமார் 40 சதவீதம் குறைந்தது.

நோயாளிகளின் சாப்பாட்டுக்காக மத்திய அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாய் கொடுத்து வந்தது. 2024 நவம்பர் முதல் அது மாதம் 1,000 ரூபாய் ஆனது. பணம் வங்கிக் கணக்கில் வரும். வராவிட்டால் மருத்துவமனையில் கேளுங்கள். அது உங்கள் உரிமை. 1800 11 6666 என்ற எண்ணிலும் இலவசமாகப் பேசிக் கேட்கலாம். முட்டை, கேழ்வரகு, வேர்க்கடலை, பருப்பு, கீரை எல்லாம் நல்ல சத்துள்ளவை.

வீட்டில் உள்ளவர்கள் செய்ய வேண்டியது

ஒருவருக்கு நோய் என்று தெரிந்தால் வீட்டில் எல்லாரும் சோதித்துக்கொள்ள வேண்டும். நோய் இல்லாதவர்களுக்கும் தடுப்பு மாத்திரை உண்டு. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இது மிக மிக அவசியம். பிறந்த குழந்தைக்குப் பி.சி.ஜி. ஊசி போட வேண்டும். மூளையைத் தாக்கும் கொடிய காசநோயிலிருந்து அது குழந்தையைக் காக்கும்.

நோயாளி இருமும்போது துண்டால் வாயை மூட வேண்டும். முதல் சில வாரங்கள் முகக்கவசம் போட்டுக்கொள்வது நல்லது. கண்ட இடத்தில் துப்பக் கூடாது. மூடி உள்ள டப்பாவில் துப்பிப் பிறகு எரித்துவிடலாம். ஜன்னலையும் கதவையும் திறந்து வையுங்கள். காற்றும் வெயிலும் வீட்டுக்குள் வரட்டும். ஆரோக்கியவரத்து வராந்தாவில் இருந்த காற்று இன்றும் நமக்கு வேண்டியதுதான்.

ஆறு மாதம் முடிந்தது. தறிக்காரரின் சளியை மறுபடி சோதித்தார்கள். கிருமி இல்லை. மனைவி காலண்டரில் கடைசிக் கோட்டைப் போட்டார். அன்று இரவு அம்மா எல்லாருக்கும் சேர்த்து இலை போட்டார். தனியாக எடுத்து வைத்த தட்டு எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை.

நினைவில் வைப்போம்

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளியைச் சோதிக்க வேண்டும்.
ஆறு மாதமும் ஒரு நாள் விடாமல் மாத்திரை சாப்பிட வேண்டும்.
நோயாளியை ஒதுக்கக் கூடாது. கூட இருந்து மாத்திரை கொடுக்க வேண்டும்.

கூடிப் பேசுவோம்

உங்கள் தெருவில் யாருக்காவது நெடுநாளாக இருமல் இருக்கிறதா? அவர் ஏன் இன்னும் மருத்துவமனைக்குப் போகவில்லை? பயமா, வெட்கமா, அன்றாடக் கூலி போய்விடுமே என்ற கவலையா? அவருடன் துணைக்கு யார் போகலாம்?