எலும்பு சொல்லும் கதை!

கங்கைகொண்டானில் ஒரு விவசாயி நெல் மூட்டையைத் தூக்கித் தோளில் வைக்கிறார். ஒரு நிமிட வேலைதான். ஆனால் அதற்குள் அவருடைய உடம்பில் எத்தனை வேலை நடந்துவிடுகிறது!

அங்கிருந்து தெற்கே நெல்லைக்கு வந்து, தாமிரபரணி ஓடும் திசையில் கிழக்கே போனால் ஆதிச்சநல்லூர். 1876-ம் ஆண்டில் ஜாகோர் என்ற ஜெர்மானியர் இங்கே தோண்டினார். புதைந்து கிடந்த பெரிய மண் தாழிகள் வெளிப்பட்டன. 2004-ல் மத்திய தொல்பொருள் துறை மீண்டும் தோண்டியது. தாழிகளில் மனித எலும்புக்கூடுகள் இருந்தன!

2,500 ஆண்டுகளுக்கு முன்பே வாழ்ந்து மறைந்தவர்கள் அவர்கள். தோல் மக்கிவிட்டது. தசையும் மக்கிவிட்டது. எலும்பு மட்டும் நின்றது. என்ன காரணம்?

உயிருள்ள செங்கல்

செங்கல்லை அடுக்கி வீடு கட்டுகிறோம். அதுபோல நம் உடம்பு உயிரணுக்களால் ஆனது. கண்ணுக்குத் தெரியாத சிறிய பொருள் அது. ஒரு மனிதனிடம் சுமார் 30 லட்சம் கோடி உயிரணுக்கள் உள்ளன.

பத்தமடையில் கோரைகள் சேர்ந்து பாயாகின்றன அல்லவா? அப்படி, ஒரே தொழில் செய்யும் உயிரணுக்கள் சேர்ந்தால் 'திசு' ஆகிறது.

தோல் ஒரு காவல்காரன்

தோல் கிருமிகளைத் தடுக்கிறது. வியர்வையால் உடலைக் குளிரவைக்கிறது. மேல்தோல் சுமார் ஒரு மாதத்தில் உதிர்ந்து புதிதாகிறது.

தள்ளத் தெரியாத தசை

உடம்பில் 600-க்கும் மேற்பட்ட தசைகள் உண்டு. தசைக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது! கையை மடக்க ஒரு தசை இழுக்கிறது. நீட்ட அதற்கு எதிரிலுள்ள தசை இழுக்கிறது. இருதயமும் தசைதான். ஒரு நாளைக்குச் சுமார் 1 லட்சம் தடவை அது துடிக்கிறது.

மிஞ்சியது ஏன்?

எலும்பில் சுண்ணாம்புச் சத்து நிறைந்திருக்கிறது. அதனால்தான் அது எளிதில் மக்குவதில்லை. பற்களும் எலும்பும் அந்த மனிதரின் வயதைக் காட்டும். இடுப்பெலும்பு ஆணா, பெண்ணா என்று சொல்லும். தசை பலமாக இழுத்த இடத்தில் எலும்பு மேடிட்டிருக்கும். பாடுபட்டு உழைத்தவரின் அடையாளம் அது!

எலும்புக்கும் உயிர் உண்டு

எலும்பு வெறும் கட்டை அல்ல. அதன் மஜ்ஜையில்தான் இரத்த அணுக்கள் உண்டாகின்றன. பழைய எலும்பு கரைந்துகொண்டும், புதியது வளர்ந்துகொண்டும் இருக்கும். வளர்ந்தவருக்கு 206 எலும்புகள். சுமார் 30 வயது வரை எலும்பு பலம் சேர்க்கிறது. பிறகு சேமிப்பு மெள்ள மெள்ளக் குறைகிறது. மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு இது வேகமாகக் குறையும். வீட்டுப் பாட்டி லேசாக வழுக்கி விழுந்தாலும் இடுப்பு முறிவது இதனால்தான்.

ஆகவே பால், கேழ்வரகு, கீரை, முள்ளோடு தின்னும் சிறுமீன் ஆகியவற்றைக் குழந்தைகளுக்குக் கொடுங்கள். சுண்ணாம்புச் சத்தை உடம்பு ஏற்க வைட்டமின் 'டி' வேண்டும். வெயில் பட்டால் தோலே அதை உண்டாக்கும். தினமும் நடப்பதும் எலும்புக்கு உரம்.

யாராவது விழுந்து கை கால் வீங்கினால் உருவி விடாதீர்கள், இழுத்துப் பார்க்காதீர்கள். அசையாமல் கட்டையோடு சேர்த்துக் கட்டி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் எக்ஸ்ரே எடுங்கள். சரியாகப் பொருத்தி அசையாமல் வைத்தால், முறிந்த எலும்பு தானே கூடிக்கொள்ளும். அந்த விவசாயி மறுபடியும் மூட்டை தூக்குவார்!