உறுமி பேசும்போது பேஸ் ஏன் பதுங்க வேண்டும்?

வானொலியில் அறிவிப்பாளர் பேசத் தொடங்கியதும் பின்னணிப் பாட்டு தணிகிறது. அவர் நிறுத்தியதும் மீண்டும் எழுகிறது. இதைக் கையாலும் செய்யலாம், கருவியிடமும் விட்டுவிடலாம். ஓர் ஒலியைக் கேட்டு இன்னோர் ஒலியைக் குறைக்கும் இந்த நுட்பத்தின் பெயர் 'சைட்செயின் கம்ப்ரஷன்'. இன்று அது மடிக்கணினியில் ஒரு பிளக்-இன்னாகவே கிடைக்கிறது.

கெடாவில் சுங்கைப்பட்டாணி, பீடோங், கூலிம் வட்டாரத் தோட்டக் கோயில்களின் திருவிழாக்களில் உறுமி மேளம் நமக்குப் பழக்கமானது. அந்த மேளத்தைப் பதிவு செய்து, கணினியில் கிக் டிரம், பேஸ் ஆகியவற்றைச் சேர்த்தால் முதலில் எழும் சிக்கல் இதுதான்: உறுமியின் முனகல் காணாமல் போகிறது.

காரணம், ஒலி மறைப்பு. ஒரே அதிர்வெண் பகுதியில் இரண்டு ஒலிகள் மோதினால், உரத்தது மற்றதை மறைத்துவிடும். வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கும்போது எழும் உறுமியின் ஒலி தாழ்வானது. பேஸ் குடியிருக்கும் இடமும் அதுவே.

உறுமியின் ஒலியைக் கூட்டினால் என்ன? டிஜிட்டல் பதிவில் 0 டெசிபெல்தான் உச்சவரம்பு. அதைத் தாண்டினால் அலையின் முனை வெட்டுப்பட்டு ஒலி கரகரக்கும். ஒரே மாதிரியான இரண்டு அலைகள் ஒன்றுசேர்ந்தாலே 6 டெசிபெல் கூடிவிடுகிறது. எனவே கூட்டுவதைவிட, தேவையான நொடியில் மட்டும் பேஸைக் குறைப்பதே வழி.

கம்ப்ரஸரைப் பேஸ் டிராக்கில் வைத்து, அதன் காதை மட்டும் உறுமி டிராக்குக்குத் திருப்ப வேண்டும். ஏபிள்டன் லைவ், ரீப்பர், எஃப்எல் ஸ்டுடியோ போன்ற மென்பொருள்களில் இந்த வசதி உண்டு. ரேஷியோ 4:1 என்று வைத்துக்கொள்வோம். உறுமி த்ரெஷோல்டை 8 டெசிபெல் தாண்டினால், பேஸ் 6 டெசிபெல் குறையும். அதாவது அதன் அலை வீச்சு ஏறக்குறைய பாதியாகும்.

அடுத்தது ரிலீஸ், அதாவது பேஸ் பழைய நிலைக்குத் திரும்ப எடுக்கும் நேரம். நிமிடத்துக்கு 120 தட்டுகள் உள்ள பாட்டில் ஒரு தட்டுக்கு 500 மில்லி வினாடி. அடுத்த தட்டுக்குள் பேஸ் திரும்பியாக வேண்டும். 200 மில்லி வினாடியில் தொடங்கிப் பார்க்கலாம். அட்டாக்கைச் சுழியத்துக்கே இறக்கினால் சில வேளை 'டக்' என்ற சத்தம் வரும்.

உறுமிக்கென ஒரு தனிச் சிக்கலும் உண்டு. ஒரு பக்கம் தேய்ப்பது நீண்டுகொண்டே போவதால், பேஸ் தலைதூக்கவே முடியாமல் போகலாம். அப்போது கம்ப்ரஸரின் காதுக்குப் போகும் ஒலியில் மட்டும் தாழ்ந்த பகுதியை வடிகட்டிவிட்டால், மறுபக்கத்தில் விழும் அடி மட்டுமே பேஸை இறக்கும். நாம் கேட்கும் உறுமி மாறாது.

எரிக் பிரிட்ஸின் 'கால் ஆன் மீ' (2004) போன்ற நடன இசையில், கிக்குக்கு ஏற்ப மற்ற ஒலிகள் மூச்சுவிடுவதுபோல் ஏறி இறங்குவது வேண்டுமென்றே செய்யப்படுவது. உறுமிப் பாட்டில் அது தேவையில்லை. 3 டெசிபெல் குறைப்பே பல நேரம் போதும். பேஸ் அசைவது காதுக்குத் தெரிந்தால் அது அதிகம்.

ஒன்றை மறக்க வேண்டாம். கைப்பேசி ஒலிபெருக்கியில் பேஸ் அரிதாகவே கேட்கும். அதில் உறுமி தெளிவாக இருப்பதாகத் தோன்றும் பாட்டு, கோயில் திடலின் பெரிய ஒலிபெருக்கிகளில் பேஸுக்குள் மூழ்கிப்போகலாம். ஹெட்போனிலும் காரிலும் கேட்ட பிறகே வெளியிடுங்கள்.