விஸ்வநாதன் முன்னால், ராமமூர்த்தி பின்னால்

லேபில் நாம் ஜோடி ஜோடியாகத்தான் எக்ஸ்பெரிமென்ட் செய்கிறோம். ஒருத்தன் ரீடிங் எடுப்பான், இன்னொருத்தன் ரெக்கார்டு எழுதுவான். மார்க் வரும்போதுதான் 'இதுல யார் வேலை அதிகம்?' என்ற தகராறு. இந்தக் கேள்விக்கு இன்றுவரை பதில் கிடைக்காத ஒரு ஜோடி தமிழ் சினிமாவில் உண்டு: எம்.எஸ்.விஸ்வநாதன் – டி.கே.ராமமூர்த்தி.

ராமமூர்த்தி திருச்சிக்காரர், 1922-இல் பிறந்தவர், வயலின். விஸ்வநாதன் பாலக்காடு பக்கம் எலப்புள்ளி, 1928, ஆர்மோனியம். இருவரும் சி.ஆர்.சுப்பராமன் குழுவில் வாசித்தவர்கள். 1952-இல் சுப்பராமன் சின்ன வயசிலேயே இறந்துபோக, 'தேவதாஸ்' உட்பட பாதியில் நின்ற படங்களை முடித்துக் கொடுத்தது இவர்கள்தான். அதே வருடம் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் தம்முடைய 'பணம்' படத்தை இவர்களிடம் ஒப்படைத்தார். மூத்தவர் ராமமூர்த்தி, ஆனால் பெயர் இரண்டாவதாக! இளையவன் முன்னால் போகட்டும், பெரியவர் பின்னால் நின்று தாங்கட்டும் என்று கலைவாணர்தான் யோசனை சொன்னார் என்பார்கள்.

'பாகப்பிரிவினை', 'பாசமலர்', 'பாவமன்னிப்பு' என்று வரிசையாக வெற்றி. 1963-இல் 'மெல்லிசை மன்னர்கள்' பட்டம். ஆனால் என்னைக் கேட்டால் 1964-தான் அவர்கள் உச்சம். அந்த ஒரே வருடத்தில் 'கர்ணன்', 'காதலிக்க நேரமில்லை', 'புதிய பறவை' மூன்றும் வந்தன. முதலாவதில் ஷெனாயும் சாரங்கியும் சேர்ந்த வடநாட்டு ராகங்கள். இரண்டாவதில் துள்ளலான மேற்கத்திய தாளம். மூன்றாவதில் பெரிய ஆர்கெஸ்ட்ரா! நம்ம ஊட்டி பங்களாவில் நடப்பதாக வருகிற கதையாச்சே, அதற்காகவே நாம் இரண்டு தடவை கேட்கலாம். மூன்றையும் செய்தது ஒரே ஜோடி என்று யாராவது சொன்னால்தான் தெரியும்.

எலக்ட்ரானிக்ஸ் நண்பர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தனித்தனி ட்ராக்கில் பதிவு செய்து பிறகு சேர்க்கிற வசதி அப்போது நம் ஸ்டூடியோக்களில் இல்லை. பாடகர், வயலின், தபேலா, ஃப்ளூட் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரே டேக்கில் முடிக்கணும். ஒருத்தர் பிசகினால் மறுபடி முதலிலிருந்து! இன்று ஹெட்போனில் கேட்டாலும் எந்த வாத்தியமும் பாடகர் குரலை அமுக்குவதில்லை. அந்த அளவு முன்கூட்டியே எழுதி, ஒத்திகை பார்த்து வைத்த வேலை.

மெட்டு விஸ்வநாதன், வாத்திய அமைப்பு ராமமூர்த்தி என்று பொதுவாகப் பிரித்துச் சொல்வார்கள். அவ்வளவு சுலபமாகக் கோடு போட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

1965-இல் 'ஆயிரத்தில் ஒருவன்' படத்தோடு பிரிந்தார்கள். காரணம் ஆளுக்கொன்று சொல்வார்கள், விட்டுவிடுவோம். பிறகு விஸ்வநாதனுக்கு நூற்றுக்கணக்கான படங்கள். நம் விழாக்களில் எழுந்து நின்று பாடுகிறோமே தமிழ்த்தாய் வாழ்த்து, அதன் மெட்டும் அவருடையதுதான். ராமமூர்த்திக்கோ 'சாது மிரண்டால்', 'மறக்க முடியுமா?', 'தங்கச் சுரங்கம்' என்று கொஞ்சம் படங்களே. திறமை குறைந்து போச்சு என்று சொல்ல முடியாது, 'மறக்க முடியுமா?' பாட்டுகளைக் கேட்டவர்களுக்குத் தெரியும். முன்னால் இருந்த பெயர்தான் ஜனங்கள் வாயில் நின்றது.

முப்பது வருடம் கழித்து, 1995-இல் 'எங்கிருந்தோ வந்தான்' படத்துக்காக மறுபடி சேர்ந்தார்கள். படம் பெரிசாகப் பேசப்படவில்லை. 2012-இல் தமிழக முதல்வர் இருவருக்கும் சேர்த்தே 'திரையிசைச் சக்கரவர்த்தி' பட்டம் கொடுத்தார். பத்ம விருது மட்டும் இருவருக்குமே வரவில்லை, இது பெரிய அநியாயம்! ராமமூர்த்தி 2013-லும் விஸ்வநாதன் 2015-லும் காலமானார்கள்.

இந்த செமஸ்டர் லீவில் அந்த மூன்று 1964 படங்களின் பாட்டுகளையும் வரிசையாகப் போட்டுக் கேளுங்கள். பாடகர் மூச்சு விடுகிற இடைவெளியில் பின்னாலிருந்து வயலின் வரும். அதைக் கொஞ்சம் கவனியுங்கள்.