காடு காத்தலும் குடி வாழ்தலும்: பெரியாற்று வனம் தரும் படிப்பினை

கம்பம் பள்ளத்தாக்கில் இருபோகம் நெல் விளைவதும், மதுரைப் பக்கத்துக் கால்வாய்களில் தண்ணீர் ஓடுவதும் பெரியாற்று அணையினால் என்பதை நம் குடியானவர்கள் யாவரும் அறிவர். 1895-ஆம் வருஷத்தில் திறக்கப்பெற்ற அவ்வணைக்கு நீர் சேர்த்துக் கொடுக்கும் காட்டைப் பற்றி அறிந்தவர் சிலரே. பெய்யும் மழையை மரங்களின் வேரும் இலைச்சருகும் தாங்கி, மெல்ல மெல்லக் கசியவிட வேண்டும். இன்றேல் மண் கரைந்து வந்து ஏரியைத் தூர்க்கும். ஆதலின் அக்காடு கேரள ராஜ்யத்தில் அமைந்திருப்பினும், அதன் நலம் நம் வயல்களின் நலமே ஆகும். அதனைக் காப்பதில் அவ்விடத்து ஜனங்கள் பங்குகொண்ட விதத்தையும், அதனால் அவர்கள் பெற்ற ஜீவனத்தையும் இங்கே விவரிப்போம்.

தண்டனையால் மட்டும் ஆகாத காரியம்

திருவிதாங்கூர் சமஸ்தானத்தார் 1934-ஆம் வருஷத்தில் இவ்வனத்தின் ஒரு பகுதியை விலங்குகளின் சரணாலயமாக ஒதுக்கினர். 1978-ல் இது புலிகள் காப்பகமாயிற்று. இப்போது இதன் பரப்பு 925 சதுர கிலோமீட்டர். புலி, யானை, காட்டெருமை, கடமான் முதலியவை இங்கு வாழ்கின்றன.

சட்டம் இருந்தும் திருட்டு ஓயவில்லை. வயணம் என்னும் காட்டு இலவங்க மரத்தின் பட்டையை உரித்து விற்பதே குமுளியைச் சுற்றியிருந்த ஏழைகள் பலருக்குப் பிழைப்பாயிருந்தது. சுற்றிலும் பட்டை உரிக்கப்பட்ட மரம் பட்டுப்போகும் என்பதைத் தோட்டம் வைத்திருப்போருக்குச் சொல்ல வேண்டுவதில்லை. உரித்தவனுக்குக் கிடைத்ததோ சொற்பக் கூலி; லாபம் வாங்கி விற்றவனுக்கு. பிடிபட்டவன் சிறை சென்று மீண்டாலும், வேறு தொழில் இன்மையால் மறுபடியும் காட்டுக்கே போனான்.

திருடியவரே காவலரானது

1996-ஆம் வருஷம் முதல் சில ஆண்டுகள், உலக வங்கியின் உதவியுடன் இந்தியாவின் ஏழு வனப் பகுதிகளில் சூழல் அபிவிருத்தித் திட்டம் நடத்தப்பட்டது. பெரியாறு அவற்றுள் ஒன்று. அக்காலத்தில் வன இலாகாவினர் பட்டை உரித்து வந்தவர்களோடு பேசி, சுமார் 20 பேரை ஒரு குழுவாகச் சேர்த்தனர். காட்டின் ஒற்றையடிப் பாதைகளும், விலங்குகள் நடமாடும் இடங்களும், கள்ளர் தங்கும் மறைவிடங்களும் இவர்களைப்போல் அறிந்தவர் வேறு எவர்? அந்த அறிவையே தொழிலாக்கினர். காட்டில் நடந்து சென்று இரவு கூடாரத்தில் தங்க விரும்பும் பிரயாணிகளுக்கு இவர்கள் வழிகாட்டினர், சுமை தூக்கினர், சமைத்தனர். துப்பாக்கியுடன் வனக் காவலர் ஒருவரும் உடன் சென்றார்.

பிரயாணிகள் தரும் கட்டணம் குழுவின் பொது நிதியில் சேர்ந்து, அங்கத்தினர்களுக்கு ஊதியமாயிற்று. வழிகாட்டிக்கொண்டே இவர்கள் ரோந்தும் செய்தமையால், முன்னர்க் காவலற்றிருந்த இடங்களில் ஆள் நடமாட்டம் உண்டாயிற்று. கள்ளரைப் பற்றிய தகவலும் இலாகாவுக்கு எட்டிற்று. மரம் உயிருடன் நிற்பதே தமக்கு லாபம் என்று கண்டவன் அதனை வெட்ட விடான்.

ஸ்திரீகளும் பின்வாங்கவில்லை. 2002-ஆம் வருஷத்தில் தொடங்கிய வசந்தசேனை என்னும் மாதர் குழுவினர், யாதொரு ஊதியமும் பெறாமல், முறைவைத்துச் சந்தனக் காட்டைச் சுற்றிக் காவல் செய்து வந்தனர். சபரிமலைக்குச் செல்லும் காட்டுவழிகளிலும், பக்தர்களுக்கு உணவு விற்கும் கடைகளை உள்ளூர்க் குழுவினர் நடத்தினர்.

மிளகும் கடனும்

வழிகாட்டும் தொழில் எல்லோருக்கும் கிட்டாது. வனத்தை அடுத்து வாழும் மன்னான், பளியர் ஆகிய பழங்குடியினரிற் பலர் மிளகு பயிரிடுவோர். காய் முற்றுமுன்பே வியாபாரியிடம் முன்பணம் பெற்று, அவன் சொன்ன விலைக்குக் கொடுத்து வந்தமையால் கடன் தீரவில்லை. நெல்லுக்கும் வாழைக்கும் இவ்வாறு முன்பணம் வாங்கி நஷ்டமடைந்தோர் நம் கிராமங்களிலும் உளர். குழுவின் மூலம் கடனை மீட்டு, மிளகை ஒன்றுசேர்த்து விற்றதனால் விளைந்ததன் பயன் விளைவித்தவன் வீடு வந்து சேர்ந்தது.

திட்டம் முடிந்த பின்

வெளியார் பணத்தால் தொடங்கும் ஏற்பாடுகள், பணம் நின்றவுடன் தாமும் நின்றுபோவதே பெரும்பாலும் வழக்கம். இங்கு அங்ஙனம் நேராதபடி, 2004-ல் பெரியாறு பவுண்டேஷன் என்னும் ஸ்தாபனம் ஏற்படுத்தப்பட்டு, பார்வையாளரிடம் பெறும் கூடுதல் கட்டணம் அதில் சேர வழி செய்யப்பட்டது. எல்லாப் புலிகள் காப்பகங்களுக்கும் இத்தகைய ஸ்தாபனம் வேண்டுமென்று 2006-ஆம் வருஷத்துச் சட்டத் திருத்தம் விதித்தது.

நாம் கவனிக்க வேண்டுவன

2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை வனம் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டபின், மலையின் இப்புறத்திலுள்ள நம் கிராமங்களுக்கும் இப்படிப்பினை பொருந்தும். கிராம அதிகாரிகளும் நிலச்சுவான்தார்களும் பின்வருவனவற்றைக் கருதுவாராக.

1. குழுவில் முதலிடம், காட்டையே நம்பிப் பிழைக்கும் நிலமற்றோருக்கு உரியது. செல்வாக்குள்ளோர் நிரம்பிய குழுவினால் காடு காக்கப்படாது.

2. வரவு செலவுக் கணக்கை எல்லோர் முன்னிலையிலும் படித்துக்காட்ட வேண்டும். கணக்கில் சந்தேகம் புகுந்தால் ஒற்றுமை குலையும்.

3. பிரயாணிகளின் தொகைக்கு வரம்பு வேண்டும். 2009-ஆம் வருஷம் செப்டம்பர் 30-ந் தேதி தேக்கடி ஏரியில் உல்லாசப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டதை மறத்தலாகாது. கூட்டம் மிகுந்தால் விலங்குகள் விலகிப் போகும், குப்பையும் பெருகும்.

4. பிரயாணிகள் வருகை பருவத்துக்குப் பருவம் மாறுபடும். பெருநோய்க் காலங்களில் அறவே நின்றுபோவதை 2020-ல் கண்டோம். ஆகவே பயிர்த்தொழிலையும் கறவை மாட்டையும் விட்டுவிடாமல், இதனை உபதொழிலாகக் கொள்ளுதலே விவேகம்.

5. யானையும் பன்றியும் பயிரை அழிக்கும்போது நஷ்டஈட்டு மனுக்களைக் கிராம அதிகாரிகள் தாமதமின்றி மேலே அனுப்புதல் வேண்டும். விளைவை இழந்தவனிடம் விலங்கின்மேல் தயை காட்டுமாறு சொல்லுதல் பயன் தராது.

காட்டின் ஓரத்தில் வாழ்பவன் பசியோடிருந்தால், ஆயிரம் காவலரை நியமித்தும் காடு நில்லாது. அவனுக்கு அதில் நேர்மையான பங்கு கிடைக்குமாயின், காடும் நிலைக்கும்; அதனடியிலுள்ள வயல்களுக்குத் தண்ணீரும் வரும்.