கொல்லைப்புறக் கொட்டகைக்கும் அனுமதி வேண்டுமா?

வீட்டின் பின்புறத்தைத் தமிழர் கொல்லை என்றும் புழக்கடை என்றும் வழங்குவர். முன்னாளில் அங்கே மாடுகளுக்குத் தொழுவமும், விறகும் மண்வெட்டியும் வைப்பதற்குக் கொட்டகையும் இருந்தன. வீட்டுச் சுவரை ஒட்டிச் சரிவாக இறக்கிய கூரைக்குச் சாய்ப்பு என்று பெயர். இன்று நகரங்களில் மிதிவண்டியையும் பழைய சாமான்களையும் வைப்பதற்காகத் தகரக் கூரை போடுவோர் பலர். "நம் இடத்தில் நாம் கட்டுவதற்குப் பிறரிடம் ஏன் அனுமதி கேட்க வேண்டும்?" என்று அவர்கள் வினவுவது உண்டு. அவ்வினாவிற்கு விடை காண்போம்.

விதிகளை வகுப்போர்

1992ஆம் ஆண்டு நிறைவேறிய அரசமைப்பின் 74ஆவது திருத்தம், பன்னிரண்டாம் அட்டவணையைச் சேர்த்தது. நகராட்சி அமைப்புகளிடம் ஒப்படைக்கத்தக்க 18 பணிகள் அதில் உள்ளன. நிலப் பயன்பாட்டையும் கட்டடம் கட்டுவதையும் முறைப்படுத்துதல் அவற்றுள் ஒன்று. ஆதலால் கட்டட விதிகள் ஊருக்கு ஊர் வேறுபடுகின்றன. தில்லியில் 2016ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டடத் துணைவிதிகளும், தமிழ்நாட்டில் 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளும் நடைமுறையில் உள்ளன. கண்டோன்மென்ட் பகுதிகளில் அனுமதி வழங்குவது கண்டோன்மென்ட் வாரியம்.

இவ்விதிகளுக்கு வழிகாட்டியாக விளங்குவது தேசியக் கட்டட நெறித்தொகுப்பு. இது முதன்முதலில் 1970இல் வெளிவந்தது. 2016இல் திருத்திய பதிப்பு வந்தது. அந்தந்த அரசும் உள்ளாட்சியும் ஏற்றுக்கொண்டால்தான் இதன் நெறிகள் சட்ட வலிமை பெறும்.

பந்தலும் கொட்டகையும்

எப்பொருளால் ஆனதாயினும், மனிதர் வாழ்ந்தாலும் வாழாவிட்டாலும், எந்தப் பயனுக்காக எழுப்பிய அமைப்பும் கட்டடமே என்கிறது நெறித்தொகுப்பு. எனவே தகரக் கொட்டகையும் கட்டடந்தான். ஆனால் விழாவிற்காகச் சில நாள்களுக்கு மட்டும் எழுப்பும் கூடாரமும் ஷாமியானாவும் கட்டடம் ஆகா. திருமணப் பந்தலுக்கும் கொல்லைக் கொட்டகைக்கும் உள்ள வேறுபாடு இதுவே. பந்தல் விழா முடிந்ததும் பிரிக்கப்படும். கொட்டகை நிலைத்து நிற்கும்.

சுவருக்குப் பூச்சு பூசுதல், தரை பதித்தல் போன்ற சிறு பணிகளுக்குத் தில்லி துணைவிதிகள் அனுமதி கேட்பதில்லை. புதிய கூரையும் சுவரும் எழும்போதுதான் வினா எழுகிறது.

வானம் பார்த்த இடம்

மனை முழுவதையும் அடைத்து வீடு கட்டுதல் கூடாது. வீட்டின் பின்புறம் சராசரியாக 3 மீட்டர் அகலமும், எவ்விடத்திலும் 1.8 மீட்டருக்குக் குறையாமலும் திறந்தவெளி விடவேண்டும் என்பது நெறித்தொகுப்பின் பொதுவிதி. சிறிய மனைகளுக்குத் தளர்வு உண்டு. அவ்வெளி வானம் பார்த்ததாக இருத்தல் வேண்டும். சாளரத்தின் மேல் நீட்டும் மழைத்தடுப்பு போன்ற சிலவற்றிற்கே விலக்கு உண்டு.

இவ்வெளி நம் மனைக்குள் இருப்பினும் அதன் பயன் நமக்கு மட்டும் உரியதன்று. அண்டை வீட்டுச் சாளரத்திற்கு வெளிச்சமும் காற்றும் அவ்வழியே செல்கின்றன. தீப்பற்றினால் மக்கள் வெளியேறுவதும், மீட்போர் உள்ளே வருவதும் அவ்வழியே. நாமும் அண்டை வீட்டாரும் ஆளுக்கொரு கொட்டகை போட்டால், இரு வீடுகளின் பின்புறமும் இருண்டு அடைபட்டுவிடும்.

தீயும் காற்றும்

கூரைக்கு எப்பொருளைப் பயன்படுத்துகிறோம் என்பதும் உயிரைப் பொறுத்த செய்தியாகும். 2004ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள் கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையற்கூடத்தில் பற்றிய தீ, கீற்றுக் கூரை வழியே வகுப்பறைகளுக்குப் பரவியது. 94 குழந்தைகள் உயிரிழந்தனர். அதன்பின் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. அடுப்பு எரியும் இடத்திற்கும் எளிதில் தீப்பற்றும் கூரைக்கும் இடையே போதிய தொலைவு வேண்டும் என்பதை அத்துயரம் உணர்த்திற்று.

தகரத்திற்குக் காற்றே பகை. கட்டட வடிவமைப்பில் கணக்கிட வேண்டிய அடிப்படைக் காற்று வேகம் சென்னைக்கு நொடிக்கு 50 மீட்டர். அஃதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். பெங்களூருக்கோ நொடிக்கு 33 மீட்டரே. பெங்களூரில் நிற்கும் அதே கொட்டகை சென்னைப் புயலில் பறந்து அடுத்த வீட்டின்மேல் விழக்கூடும்.

செய்ய வேண்டுவன

கொட்டகை போடுமுன் அதன் நீளம், அகலம், உயரம், மதிற்சுவரிலிருந்து உள்ள தொலைவு, கூரைப் பொருள், பயன் ஆகியவற்றை எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு உள்ளாட்சி அலுவலகத்தில் அனுமதி தேவையா என்று கேட்டறிய வேண்டும். தேவையெனில் வரைபடம், உரிமைப் பத்திரம், கட்டணம் ஆகியவற்றுடன் விண்ணப்பித்தல் வேண்டும். அனுமதியின்றிக் கட்டினால் அறிவிப்பு வரும், இடிக்கவும் ஆணையிடலாம்.

அரசுக் குடியிருப்பில் வாழ்வோர் அவ்வீட்டின் உரிமையாளர் அல்லர். உரிய துறையின் ஒப்புதல் இன்றி அங்கே சாய்ப்பும் இறக்குதல் கூடாது. வாடகை வீட்டிலும் உரிமையாளரின் இசைவு முதலில் வேண்டும்.

சொல்லும் பொருளும்

மனை – வீடு கட்டுவதற்குரிய நிலம்
கீற்று – முடைந்த தென்னை ஓலை
வேய்தல் – கூரை மூடுதல்
இசைவு – உடன்பாடு

பயிற்சி

1. பந்தல் கட்டடம் ஆகாது; கொட்டகை கட்டடம் ஆகும். ஏன்?
2. பின்புறத் திறந்தவெளியால் அண்டை வீட்டார் பெறும் பயன்கள் இரண்டினை எழுதுக.
3. தொழுவம், கொட்டகை, சாய்ப்பு, பந்தல் ஆகிய சொற்களைத் தனித்தனி வாக்கியங்களில் அமைத்து எழுதுக.
4. உங்கள் வீட்டிற்கும் பின்புற மதிற்சுவருக்கும் இடையே உள்ள அகலத்தை அளந்து, 3 மீட்டருடன் ஒப்பிடுக. அடுக்ககத்தில் வாழ்வோர் இரு கட்டடங்களுக்கு இடையே உள்ள வெளி எதற்குப் பயன்படுகிறது என்பதைக் கண்டு ஐந்து வரிகளில் எழுதுக.