சைகைமொழி பெயர்ப்பாளர் பயிற்சியும் கிராம சபையும்

கிராம சபை என்பது ஊரார் அனைவரும் கூடித் தம் தேவைகளை எடுத்துரைக்கும் மன்றமாகும். எனினும், கூட்டத்தின் ஓரத்தில் அமர்ந்து, பேசுவோரின் வாயசைவையே நோக்கியிருந்து, இறுதியில் பதிவேட்டில் கையொப்பமிட்டு வீடு திரும்பும் சிலரைப் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் கண்டிருப்பார்கள். அவர்கள் காது கேளாதோர். 2011ஆம் ஆண்டு மக்கட்தொகைக் கணக்கின்படி நம் நாட்டில் செவித்திறன் குறையுடையோர் சுமார் 50 லட்சம் பேர் ஆவர்.

இவ்விஷயத்தில் எமக்கே ஒரு பாடம் கிடைத்தது. வீட்டு வசதித் திட்டத்திற்குப் பயனாளிகளைத் தெரிந்தெடுத்தபோது, காது கேளாத விவசாயி ஒருவர் தம் தமையனாருடன் வந்திருந்தார். அவர் கைகளால் நெடுநேரம் ஏதோ கூறினார். "தனி வீடு வேண்டாமாம், என்னோடேயே இருக்கிறேன் என்கிறான்" என்றார் தமையனார். நாமும் அவ்வாறே குறித்துக்கொண்டோம். பின்னர், காது கேளாதோர் பள்ளி ஆசிரியர் ஒருவரின் துணையோடு அவரைக் கண்டபோதுதான் உண்மை விளங்கிற்று. தம் பங்கு மனையில் தம் பெயரிலேயே வீடு வேண்டும் என்பதையே அவர் அன்று கூறியிருந்தார். கோப்பைத் திருத்த முடிந்தது. ஆனால் அவ்வாண்டின் ஒதுக்கீடு முடிந்துவிட்டிருந்தது. பொருளில் பங்குடைய உறவினரையே மொழிபெயர்ப்பாளராகக் கொண்டது நமது பிழையே.

சைகையும் ஒரு மொழியே

இந்தியச் சைகை மொழி தமிழைக் கையால் எழுதிக்காட்டுவதன்று. அதற்குத் தனி இலக்கணம் உண்டு. வினாச்சொல் பெரும்பாலும் இறுதியில் வரும். புருவமும் முகமும் குரலின் ஏற்ற இறக்கத்திற்கு ஈடாக நிற்கும். 'கொடு' என்னும் சைகையில் கை என்னிடமிருந்து உங்களை நோக்கிச் சென்றால் நான் கொடுத்ததாகப் பொருள். உங்களிடமிருந்து என்னை நோக்கி வந்தால் நீங்கள் கொடுத்ததாகப் பொருள். கடன் தகராறு ஒன்றில் இத்திசையைப் பிழையாகக் கண்டால், கடன் கொடுத்தவர் கடன்பட்டவராகிவிடுவார். பயிற்சியின் அவசியம் இதனால் தெளிவாகும்.

பயிற்சி எத்தகையது?

இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் 2015ஆம் ஆண்டு புது தில்லியில் நிறுவப்பட்டது. இந்தியச் சைகை மொழிபெயர்ப்புக்கான பட்டயப் படிப்பு இரண்டு ஆண்டுகள் கொண்டது. பன்னிரண்டாம் வகுப்புத் தேறியோர் இதில் சேரலாம். இம்மையத்திலும், இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் ஏற்பைப் பெற்ற பிற நிறுவனங்களிலும் இது கற்பிக்கப்படுகிறது. காது கேளாதோரே சைகை மொழி ஆசிரியர்களாவதற்குத் தனிப் பட்டயப் படிப்பும் உண்டு.

மாணவர் முதலில் மொழியைக் கற்கிறார். பின்னர் கேட்டதைச் சைகையாகவும், கண்டதைப் பேச்சாகவும் உடனுக்குடன் மாற்றப் பழகுகிறார். இவற்றினும் முக்கியமானது தொழிலறம். கூறியதைக் கூட்டாமல் குறைக்காமல் உரைத்தல், தம் கருத்தை நுழைக்காதிருத்தல், அறிந்த இரகசியத்தைக் காத்தல் ஆகிய மூன்றும் அதன் தூண்கள். இவ்வேலை மனத்தை விரைவில் களைப்படையச் செய்யும். ஆகவே நீண்ட கூட்டங்களில் இருவர் மாறி மாறிப் பணியாற்றுவது வழக்கம்.

பள்ளிக்கே செல்லாத சிலர் தம் வீட்டார் மட்டும் அறிந்த சைகைகளையே கையாள்வர். அத்தகையோருக்குப் பயிற்சி பெற்ற பெயர்ப்பாளரோடு, காது கேளாதவர் ஒருவரும் துணை நின்றால் பொருள் நன்கு விளங்கும்.

சட்டத்தின் துணை

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தொடர்பு முறைகளுள் சைகை மொழியையும் சேர்த்துள்ளது. பேச இயலாத சாட்சியிடம் வாக்குமூலம் பெறுகையில் நீதிமன்றம் மொழிபெயர்ப்பாளர் அல்லது சிறப்பாசிரியரின் உதவியைப் பெற வேண்டும் என்றும், அதனை வீடியோவில் பதிய வேண்டும் என்றும் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள சாட்சியச் சட்டம் விதிக்கிறது. நீதிமன்றத்திற்குத் தகுவது கிராம சபைக்கும் தகுமன்றோ?

நாம் செய்யத்தக்கவை

முதலாவதாக, ஊரிலுள்ள காது கேளாதோர் யாவர், அவர்கள் எம்முறையில் பேசுகிறார்கள் என்பதைப் பஞ்சாயத்து குறித்து வைத்தல் வேண்டும். இரண்டாவதாக, கிராம சபைக்கு முன்னரே மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகி, பெயர்ப்பாளர் கிடைப்பாரா என விசாரித்தல் நலம். வருபவருக்குக் கூட்டப் பொருளை முன்கூட்டியே தெரிவித்து, முகத்தில் வெளிச்சம் படும்படி முன்வரிசையில் இடமளிக்க வேண்டும். பேசுவோர் ஒவ்வொருவராகப் பேசுவதும், பெயர்ப்பாளரை நோக்காமல் காது கேளாதவரையே நோக்கிப் பேசுவதும் முறையாகும்.

மூன்றாவதாக, பன்னிரண்டாம் வகுப்புத் தேறி வேலை தேடும் இளைஞர், யுவதியருக்கு இப்பயிற்சியை எடுத்துக்கூற வேண்டும். காது கேளாத பெற்றோருக்கோ உடன்பிறந்தாருக்கோ நடுவே வளர்ந்த பிள்ளைகளுக்குச் சைகை முன்னரே கைவந்திருக்கும். பயிற்சி அதனைச் செம்மைப்படுத்தும்.

அடுத்த கிராம சபையில் ஓரத்தில் அமர்ந்திருப்பவரை முன்வரிசைக்கு அழைப்போமாக. அவர் கூறுவதை அவர் கூறியவாறே பதிவேட்டில் எழுதும் நாளில்தான் அச்சபை ஊரார் அனைவரின் சபையாகும்.